விடுதி வைஃபையில் தனியுரிமை: பிராக்சி போதுமா, விபிஎன் வேண்டுமா?

கேள்வி: வேளச்சேரிவாசி

வணக்கம். சென்னையில், பணிபுரியும் மகளிருக்கான விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறேன். மாத வாடகையோடு வைஃபையும் சேர்ந்தே வருகிறது. ரூட்டர் கீழ்த்தளத்தில் மேலாளரின் அறையில் இருக்கிறது. அதன் நிர்வாகக் கடவுச்சொல் அவரிடம் மட்டுமே உண்டு. இணையம் மெதுவாக இருக்கிறது என்று சிலர் முறையிட்டபோது, யார் இரவில் எந்தத் தளத்தைப் பார்க்கிறார்கள் என்பது தமக்குத் தெரியும் என்று அவர் எல்லோர் முன்பும் சொன்னார். மிரட்டலுக்காகச் சொன்னாரா, உண்மையாகவே பார்க்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. நான் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். உடல்நலம் தொடர்பாகவும் சிலவற்றைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் குற்றம் எதுவும் இல்லை என்றாலும், இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பதற்கானவையும் இல்லை.

உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் இலவச பிராக்சி (நமக்குப் பதிலாகத் தளங்களைத் தொடர்புகொள்ளும் இடைநிலை சர்வர்) முகவரிகளின் பட்டியலை அனுப்பி, அவற்றில் ஒன்றை உலாவியின் அமைப்புகளில் இட்டால் போதும், விபிஎன்னுக்கு (கருவியின் இணையப் போக்குவரத்தைப் பூட்டி இன்னொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) பணம் கொடுப்பது வீண் என்கிறார். யூடியூபில் வரும் விளம்பரங்களோ, விபிஎன் இல்லாமல் இணையத்தைத் தொடுவதே ஆபத்து என்னும் தோரணையில் பேசுகின்றன. இரண்டுமே ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, மறைக்கும் என்றுதான் நான் படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்கின்றன. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

என்னிடம் இருப்பவை ஒரு விண்டோஸ் மடிக்கணினியும் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியும். இரண்டும் என் சொந்தக் கருவிகள், அலுவலகத்துடையவை அல்ல. வங்கிச் செயலிகள் கைப்பேசியில் இருக்கின்றன. மாதம் 500 ரூபாய்க்குள் செலவழிக்க முடியும். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது சட்டப்படி சரிதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: கம்பிவடம்

வணக்கம். நான் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் பராமரிப்புப் பணியில் இருப்பவன். இந்தக் கேள்வியைக் கேட்கும் பலர் யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இல்லை. நீங்கள் சொல்லியிருப்பதால் பதிலும் எளிதாகிறது. உங்கள் கவலை ரூட்டரைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றியது. அந்தக் கவலைக்குப் பட்டியலில் வரும் சாதாரண பிராக்சியால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்தக் கருவியும் இல்லாத இன்றைய நிலையில் மேலாளருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குவோம். நீங்கள் செல்லும் தளங்களில் மிகப் பெரும்பாலானவை ஹெச்டிடிபிஎஸ் முறையில், அதாவது உலாவிக்கும் தளத்துக்கும் இடையே செல்வதைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, இயங்குபவை என்பதால், படிக்கும் பக்கத்தின் உள்ளடக்கம், தேடிய சொற்கள், தட்டச்சு செய்த கடவுச்சொல், முகவரியில் தளத்தின் பெயருக்குப் பின்னால் வரும் பகுதி ஆகிய எதையும் அவரால் படிக்க முடியாது. ஆனால் தளத்தின் பெயர் தெரியும். அது இரண்டு இடங்களில் வெளிப்படுகிறது. தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றிக்கொள்வதற்கு அனுப்பப்படும் டிஎன்எஸ் வினவல், தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், மறையாக்கம் இல்லாமல் அந்த ரூட்டரையே நாடிச் செல்கிறது. அடுத்து, பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியில், எந்தத் தளம் வேண்டும் என்பது எஸ்என்ஐ என்னும் புலத்தில் பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே இருக்கிறது. ஆகவே, ஒரு வேலைவாய்ப்புத் தளத்தை இரவில் திறந்து வெகுநேரம் பார்த்தீர்கள் என்பதை அவர் முயன்றால் அறியலாம். எந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதை அறிய முடியாது. மருத்துவத் தளங்களில் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும் என்பதால் உங்கள் தயக்கம் நியாயமானது. வீட்டு ரூட்டர்கள் பலவற்றிலேயே பெற்றோர் கட்டுப்பாட்டுப் பகுதியில் தளப் பட்டியலைக் காட்டும் வசதி உண்டு. அவர் சொன்னதைச் செய்வதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

இப்போது நண்பர் சொன்னபடி ஒரு ஹெச்டிடிபி பிராக்சியை உலாவியில் இடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹெச்டிடிபிஎஸ் தளம் ஒன்றைத் திறக்கும்போது உலாவி முதலில் பிராக்சிக்கு 'கனெக்ட்' என்னும் கட்டளையை அனுப்பும். அந்தக் கட்டளையில் தளத்தின் பெயரும் 443 என்ற போர்ட் எண்ணும் எந்த மறைப்பும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும். உங்கள் மடிக்கணினியிலிருந்து பிராக்சிக்குச் செல்லும் வழியில் அது விடுதி ரூட்டரைக் கடந்தே ஆக வேண்டும். டிஎன்எஸ் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பெயர் அகப்படாமல் போகலாம். கடந்து செல்லும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துணுக்குகளை, பார்ப்பவருக்கு அகப்படும். சாக்ஸ்5 என்ற இன்னொரு வகை பிராக்சி 1996-இல் வரையறுக்கப்பட்டது. அதிலும் மறையாக்கம் கிடையாது. அதற்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும்கூட வெறும் எழுத்தாகவே செல்கின்றன. நீங்கள் படித்த கட்டுரைகளில் விடுபட்டிருப்பது இதுதான்: பிராக்சி உங்கள் ஐபி முகவரியை எதிர்முனையில் உள்ள தளத்திடமிருந்து மறைக்கிறது, நடுவழியில் இருப்பவரிடமிருந்து உங்கள் போக்குவரத்தை மறைப்பது அதன் வேலையே அல்ல.

விபிஎன் இயங்கும் இடம் வேறு. அது இயங்குதளத்திற்குள் ஒரு மெய்நிகர் நெட்வொர்க் அடாப்டரை உருவாக்கி, கணினியிலிருந்து வெளியேறும் எல்லாப் பாக்கெட்டுகளையும் மறையாக்கம் செய்து, ஒரே சர்வருக்கு அனுப்புகிறது. டிஎன்எஸ் வினவல், எஸ்என்ஐ, வாட்ஸ்அப், வீடியோ அழைப்பு, விண்டோஸ் புதுப்பிப்பு என அனைத்தும் அந்த ஒரே சுரங்கத்திற்குள் போய்விடும். மேலாளருக்குத் தெரிவது ஒரு வெளிநாட்டு ஐபி முகவரி, எவ்வளவு டேட்டா போனது, எந்த நேரத்தில் போனது என்பவை மட்டுமே. நீங்கள் விபிஎன் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் அவர் ஊகிக்கலாம். அதை மறைக்க வேண்டிய தேவை உங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பிராக்சியை எந்த நிரல் மதிக்கிறதோ அந்த நிரலுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பது அடுத்த வேறுபாடு. ஆண்ட்ராய்டில் வைஃபை அமைப்புகளுக்குள் பிராக்சி முகவரியை இட முடியும்; ஆனால் உலாவிகளும் அதை மதிக்கும் சில செயலிகளும் அந்த வழியே செல்ல, மற்றவை நேராகவே வெளியேறும். உலாவிக்குள்ளேயே வீடியோ அழைப்புக்கான வெப்ஆர்டிசி வசதி பிராக்சியைத் தாண்டி உங்கள் உண்மையான ஐபி முகவரியைத் தளத்திற்குக் காட்டிவிடக்கூடும் என்பது 2015 முதலே செய்முறையாகக் காட்டப்பட்டுவிட்டது.

விபிஎன்னால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கூகுள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் தேடினால், விபிஎன் இருந்தாலும் கூகுளுக்குத் தேடுபவர் நீங்கள்தான் என்பது தெரியும். குக்கிகளும், உலாவியின் தனித்தன்மைகளை வைத்து ஆளை அடையாளம் காணும் முறைகளும் அப்படியே இருக்கும். மேலாளரிடமிருந்தும் இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தும் எதை மறைத்தீர்களோ, அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இனி விபிஎன் நிறுவனம் இருக்கும். நீங்கள் யாரை நம்புவது என்ற கேள்வி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு நகர்கிறது, அவ்வளவே. உங்கள் நிலையில் அந்த நகர்வு பயனுள்ளது. ஏனெனில் மேலாளருக்கு உங்கள் முகம் தெரியும், எங்கோ வெளிநாட்டில் இருக்கும் விபிஎன் நிறுவனத்திற்குத் தெரியாது.


பதில்: பழுப்புத்திரை

கம்பிவடம் சொன்னவை பட்டியல் பிராக்சிகளைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. முன்பின் தெரியாத ஒருவருடைய சர்வர் வழியாக உங்கள் போக்குவரத்தை அனுப்புவது, பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவதைப் போன்றது. ஆனால் பிராக்சி என்றாலே மறையாக்கம் இல்லாதது என்றும், விபிஎன் என்றாலே தனியுரிமை என்றும் முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயரைவிட அமைப்பைப் பார்க்க வேண்டும்.

நான் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இது. ஒரு சிறிய வாடகை சர்வரை எடுத்துக்கொண்டு, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள சர்வரோடு மறையாக்கத்துடன் இணைக்கும் நிரல்) கட்டளையில் 'டி' (-D) என்ற தெரிவைச் சேர்த்து இணைத்தால், என் கணினியிலேயே ஒரு சாக்ஸ் பிராக்சி உருவாகிவிடும். ஃபயர்பாக்ஸில் அந்த முகவரியை இட்டு, டிஎன்எஸ் வினவலையும் சாக்ஸ் வழியாகவே அனுப்பும்படி குறித்துவிட்டால், உலாவியிலிருந்து வாடகை சர்வர் வரையிலான பாதை முழுவதும் எஸ்எஸ்ஹெச் மறையாக்கத்திற்குள் இருக்கும். தொழில்நுட்பப்படி இது பிராக்சிதான். ஆனாலும் நடுவில் இருக்கும் ரூட்டருக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்டவருக்கு இதை நான் முதல் தெரிவாகப் பரிந்துரைக்கவில்லை. சர்வரைப் பராமரிக்கும் வேலை ஒருபுறம். அந்த ஐபி முகவரியைப் பயன்படுத்துபவர் உலகிலேயே ஒருவர்தான் என்பது இன்னொருபுறம். ஆயிரம் பேர் பகிரும் விபிஎன் முகவரியில் கிடைக்கும் கூட்டத்தின் மறைவு இதில் கிடையாது.

ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த பிரைவேட் ரிலே இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. அது சஃபாரி உலாவியின் போக்குவரத்தை இரண்டு பிராக்சிகள் வழியாக அனுப்புகிறது. முதலாவது ஆப்பிளுடையது, நீங்கள் யார் என்பது அதற்குத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. இரண்டாவதை வேறொரு நிறுவனம் நடத்துகிறது. எந்தத் தளம் என்பது அதற்குத் தெரியும், யார் என்பது தெரியாது. சாதாரண விபிஎன்னில் இந்தப் பிரிவினை கிடையாது. இரண்டு விவரங்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. ஓப்பரா உலாவி 2016-இல் இலவச விபிஎன் என்ற பெயரில் சேர்த்த வசதி, உலாவிக்குள் மட்டுமே செயல்படும் மறையாக்கப்பட்ட பிராக்சிதான். ஆகவே கடையில் எழுதியிருக்கும் பெயரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

'பதிவுகள் வைப்பதில்லை' என்ற வாசகத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஹைட்மைஆஸ் என்ற விபிஎன் நிறுவனம் 2011-இல் நீதிமன்ற ஆணையை ஏற்று, இணைப்புப் பதிவுகளைக் காவல்துறையிடம் கொடுத்தது. பியூர்விபிஎன்னின் பதிவுகள் 2017-இல் அமெரிக்காவில் ஒரு குற்ற வழக்கில் பயன்பட்டன. அந்த இரண்டு வழக்குகளிலும் தேடப்பட்டவர்கள் மீது எனக்கு இரக்கம் இல்லை. நிறுவனங்களிடம் பதிவுகள் இருந்தன என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. 2020 ஜூலையில் யூஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட ஏழு ஹாங்காங் செயலிகளின் தரவுத்தளம் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாமே பதிவுகள் வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டவை. உள்ளே இருந்தது 1.2 டெராபைட் அளவுக்குப் பயனர்களின் செயல்பாட்டுப் பதிவு.

வாக்கைக் காப்பாற்றியதாகச் சோதனையில் தெரியவந்த நிறுவனங்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாக இராது. துருக்கியில் ரஷ்யத் தூதர் கொல்லப்பட்ட வழக்கில் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வரை அந்நாட்டு அதிகாரிகள் கைப்பற்றிப் பார்த்தும் அதில் பயனுள்ள பதிவு எதுவும் கிடைக்கவில்லை. 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை தேடுதல் ஆணையோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் கோத்தன்பர்க் அலுவலகத்திற்குச் சென்று, வெறுங்கையோடு திரும்பியது. அந்த நிறுவனம் பெயரோ மின்னஞ்சலோ கேட்காமல் ஒரு கணக்கு எண்ணை மட்டும் தருகிறது. மாதக் கட்டணம் 5 யூரோ. இப்படி நெருக்கடியில் சோதிக்கப்பட்ட வரலாறு, இணையதளத்தில் எழுதியிருக்கும் எந்த வாக்குறுதியையும்விட எனக்குப் பெரிது.


பதில்: வழக்கேடு

சட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்தியாவில் தனிநபர் விபிஎன் பயன்படுத்துவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. விபிஎன் வழியாகச் செய்யப்படும் குற்றம் குற்றமாகவே இருக்கும், கருவி குற்றமாகாது. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி அவ்வப்போது தற்காலிகத் தடை விதித்திருக்கின்றன. அங்கே பயணம் செய்வதாக இருந்தால் அன்றைய உத்தரவைப் பார்த்துக்கொள்வது நல்லது. சென்னையில் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. தன் தேடலைப் பிறர் பார்க்கக் கூடாது என்று விரும்புவதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இல்லை.

கட்டுப்பாடு விழுவது சேவையை நடத்துபவர்கள் மீது. கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று சில வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி விபிஎன் நிறுவனங்கள், தரவு மையங்கள், வாடகை சர்வர் நிறுவனங்கள், கிளவுட் நிறுவனங்கள் ஆகியவை வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், பதிவின்போது பயன்பட்ட மின்னஞ்சலும் ஐபி முகவரியும் நேரமும், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரிகள், சேவையை எதற்காக எடுத்தார் என்ற விவரம் ஆகியவற்றைச் சேகரித்து, அவர் சேவையை விட்டு விலகிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குச் சேமிக்க வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில்தான் வருகிறது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் அலுவலக விபிஎன்களுக்கு வாடிக்கையாளர் விவரம் சேகரிக்கும் விதி பொருந்தாது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது.

இதற்கு உடன்பட மறுத்து எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் ஆகியவை 2022-இலேயே இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. சில செயலிகளில் இன்னும் 'இந்தியா' என்ற தெரிவு தென்பட்டால், அது இந்திய ஐபி முகவரியைத் தரும் மெய்நிகர் ஏற்பாடு. இயந்திரம் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும். பழுப்புத்திரை சொன்ன வாடகை சர்வரை இந்தியத் தரவு மையத்தில் எடுத்தால் அதற்கும் இதே விதிகள் பொருந்தும் என்பதை அவர் குறிப்பிடவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விவரமும் உதவும். தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம நிபந்தனைகளைத் திருத்தி, அழைப்பு விவரங்களையும் இணைய இணைப்பு விவரப் பதிவுகளையும் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. விபிஎன் இல்லாமல் இருப்பதால் பதிவே இல்லாமல் இருக்கிறோம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.


வேளச்சேரிவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. பிராக்சிப் பட்டியலை அழித்துவிட்டேன். கைப்பேசிக்கு மட்டும் பிளே ஸ்டோரில் உள்ள இலவச விபிஎன் செயலிகளில் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாமா? சிலவற்றைக் கோடிக்கணக்கானோர் தரவிறக்கியிருக்கிறார்கள், மதிப்பீடும் நன்றாகவே இருக்கிறது. மேலும், விபிஎன்னை இயக்கினால் வங்கிச் செயலி வேலை செய்யாது என்று அறைத்தோழி சொல்கிறார். அது உண்மையா?


பதில்: கம்பிவடம்

தரவிறக்க எண்ணிக்கையையும் நட்சத்திரங்களையும் வைத்து விபிஎன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேகமாக இருக்கிறதா என்பதை மட்டுமே பயனர்களால் மதிப்பிட முடியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அமைப்பின் ஆய்வாளர்களும் அமெரிக்க, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016-இல் ஆண்ட்ராய்டின் 283 விபிஎன் செயலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 18 விழுக்காடு எந்த மறையாக்கமும் செய்யவில்லை. 75 விழுக்காட்டில் மூன்றாம் தரப்பினரின் கண்காணிப்பு நிரல்கள் இருந்தன. 84 விழுக்காடு ஐபிவி6 (ஐபி முகவரிகளின் புதிய வகை; பழையது ஐபிவி4) போக்குவரத்தைச் சுரங்கத்திற்கு வெளியே விட்டன. அந்த ஆய்வு பழையது, எண்கள் மாறியிருக்கலாம். ஆனால் சர்வர் செலவை யாரோ கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை.

யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்புக்கான இலவச விபிஎன் என்று விளம்பரப்படுத்தப்பட்டது; பயனர்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்கின் வணிகத் தேவைக்குப் போனது. அதை வெளிப்படையாகச் சொல்லாததற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023 ஜூலையில் மெட்டாவின் (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்) இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மற்றது உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும், பிராக்சியும் விபிஎன்னும், சந்திக்கும் இடம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்னும் வலையமைப்பை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன்களைக் கணினியில் நிறுவியவர்களின் இணைப்பை, அவர்கள் அறியாமலேயே பிராக்சியாக மாற்றி, குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இப்படிச் சிக்கிய ஐபி முகவரிகள் 1 கோடியே 90 லட்சம். அதாவது, இலவச விபிஎன் போட்டவருடைய வீடே இன்னொருவருக்கு பிராக்சியாகிவிட்டது. யாரோ செய்த மோசடியின் தடயம் அந்த வீட்டு முகவரியில் விழுந்தது.

இலவசம்தான் வேண்டும் என்றால், கட்டணச் சந்தாதாரர்களின் பணத்தில் இலவசப் பிரிவையும் நடத்தும் நிறுவனத்தைப் பாருங்கள். புரோட்டான் அப்படி ஒன்று. நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒரு கருவியில் மட்டுமே இணைக்கலாம், ஆனால் டேட்டா வரம்பு இல்லை. மடிக்கணினியும் சேர வேண்டுமானால் உங்கள் 500 ரூபாய் வரம்பைச் சுற்றியே நல்ல கட்டணச் சேவைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுச் சந்தாவை மலிவாகத் தருகிறோம் என்பார்கள். முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் எடுத்து, விடுதியின் வைஃபையில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

விபிஎன் செயலி நெறிமுறையை, அதாவது சுரங்கத்தை அமைக்கும் முறையை, தேர்ந்தெடுக்கச் சொன்னால் வயர்கார்டைத் தேர்ந்தெடுங்கள். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது அது. நிரல் ஏறத்தாழ 4,000 வரிகளே என்பதால் பிழை தேடுபவர்களுக்கு எளிது, கைப்பேசியின் பேட்டரியையும் அதிகம் தின்னாது. சர்வரைச் சிங்கப்பூரில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கடலடி வடங்கள் நேராக அங்கே செல்வதால் ஐரோப்பாவைவிடத் தாமதம் மிகக் குறைவாக இருக்கும்.

கைப்பேசியில் அமைப்புகளுக்குள் விபிஎன் பகுதிக்குச் சென்று, எப்போதும் இயக்குவதற்கான தெரிவையும், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுப்பதற்கான தெரிவையும் இயக்கிவிடுங்கள். வைஃபை ஒருமுறை அறுந்து மீண்டும் இணையும் அந்தச் சில நொடிகளில்தான் பெயர்கள் வெளியே கசியும். மடிக்கணினியில் இதே வேலையைச் செய்வது விபிஎன் செயலிக்குள் இருக்கும் 'கில் ஸ்விட்ச்'. அதன்பின், ஐபி முகவரியையும் டிஎன்எஸ் சர்வரையும் காட்டும் சோதனைத் தளம் ஒன்றைத் திறந்து, ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் வரவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். நம் நாட்டில் ஐபிவி6 பரவலாக இருப்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

வங்கிச் செயலியைப் பொறுத்தவரை உங்கள் தோழி சொல்வதில் உண்மை இருக்கிறது. சில செயலிகள் விபிஎன் இயங்குவதைக் கண்டால் திறக்க மறுக்கும். சில, வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து உள்நுழைவு வந்தால் கூடுதல் சரிபார்ப்பு கேட்கும். விபிஎன் செயலிக்குள் குறிப்பிட்ட செயலிகளை விலக்கி வைக்கும் வசதியில் வங்கிச் செயலியைச் சேர்த்துப் பாருங்கள். விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் தெரிவு இயங்கினால், விலக்கி வைத்த செயலிக்கு இணையமே கிடைக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. நானாக இருந்தால் தடுப்பை இயங்கும்படியே வைத்து, பணம் அனுப்பும் அந்த இரண்டு நிமிடத்திற்கு மட்டும் அதையும் விபிஎன்னையும் நிறுத்தி, மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வேன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வைஃபை பயன்படுத்த வேண்டுமானால் இந்தச் சான்றிதழை நிறுவுங்கள் என்று விடுதியிலிருந்து எப்போதாவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ரூட் சான்றிதழ் ஒன்றை உங்கள் கருவியில் ஏற்றிவிட்டால், விபிஎன் இல்லாத நேரத்தில் ஹெச்டிடிபிஎஸ் பக்கங்களின் உள்ளடக்கத்தையே நடுவில் இருப்பவரால் திறந்து படிக்க முடியும். அலுவலக பிராக்சிகள் சில அப்படித்தான் இயங்குகின்றன. விடுதிக்கு அந்தத் தேவை இல்லை.


பதில்: ஓடைக்கரை

எல்லோரும் எதையாவது வாங்கச் சொல்வதால் நான் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கேள்வி கேட்டவருடைய கவலை இரண்டே வகைத் தேடல்களைப் பற்றியது. அந்த இரண்டையும் விடுதியின் வைஃபையில் செய்யாமல் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் செய்தால், மேலாளருக்கு அங்கே இடமே இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவில் அது இருக்கும் என்பதை வழக்கேடு சொல்லியிருக்கிறார்; ஆனால் அந்த நிறுவனம் இவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. வேலைவாய்ப்பு அறிவிப்புகளும் மருத்துவக் கட்டுரைகளும் பெரும்பாலும் எழுத்துப் பக்கங்கள். நாளொன்றுக்குத் திட்டத்தோடு வரும் டேட்டாவே அவற்றுக்குத் தாராளம். திரைப்படமும் தொடரும் பார்ப்பதற்கு விடுதி வைஃபை இருக்கட்டும்.

அதோடு, ஆண்ட்ராய்டு 9 முதல் அமைப்புகளில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்றொரு வசதி இருக்கிறது. அதில் நம்பகமான டிஎன்எஸ் சேவை ஒன்றின் பெயரை இட்டுவிட்டால் வினவல்கள் மறையாக்கப்பட்டுச் செல்லும்; மடிக்கணினியில் ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் இதற்கு இணையான தெரிவு உண்டு. ரூட்டரில் இருக்கும் எளிய தளப் பட்டியல், வினவல்களைப் படித்தே உருவாகிறது என்றால், அது இதனாலேயே வெறுமையாகிவிடும். எஸ்என்ஐ வழியாகப் பெயர் தெரிவதை இது தடுக்காது. அதை மறைக்கும் இசிஹெச் முறையை 2023 முதல் இரண்டு உலாவிகளும் ஆதரிக்கின்றன. ஆனால் எதிர்முனைத் தளமும் அதற்கு ஆயத்தமாக இருந்தால்தான் பயன்படும், பல தளங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை. ஆகவே வைஃபையிலேயே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்றால் கம்பிவடம் சொன்ன வழிதான் சரி.

மடிக்கணினியில் விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இணைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டா வரம்புள்ளது) என்று குறித்துவிட மறக்க வேண்டாம். இல்லையென்றால் விண்டோஸ் புதுப்பிப்பே அன்றைய டேட்டா முழுவதையும் தின்றுவிடும்.